மூன்றாவது பதில்

அவளிடம் ஒன்றைக் கேட்டால் உடனே பதில் வராது. கேட்டவரை ஒரு பார்வை பார்ப்பாள். கேள்வியைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். உதடு அசைவது தெரியும். அதற்குப் பிறகுதான் "ஆமாங்க" என்றோ "இல்லீங்க" என்றோ "தெரியலீங்க" என்றோ வரும். இந்த மூன்றில் எதைச் சொல்வது என்பதில் அவளுக்கு இருந்த கண்டிப்பை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. டீ வேண்டுமா என்று கேட்டால்கூட "தெரியலீங்களே" என்பாள். டீக்காரர் டம்ளரோடு நிற்பார். அவள் யோசிப்பாள்.

இப்போது அவள் கொச்சியில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். எப்போதாவது பேசிக்கொள்வோம். நான் சொல்லப்போவது நாங்கள் இருவரும் நல்லூரில் ஒரே ஆபீஸில் இருந்த காலத்தைப் பற்றி. ஆபீஸ் மாடியில். கீழே பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட். காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் மேஜைகள் லேசாக அதிரும். மதியம் சாப்பாட்டுக்காக அவை நிற்கும்போதுதான் அதுவரை அவ்வளவு சத்தத்தில் இருந்திருக்கிறோம் என்பதே தெரியும். பனியன் கம்பெனிகளின் வாசலில் தொழிலாளர்கள் விரல் வைத்து உள்ளே போகிறார்களே, அந்தப் பெட்டியும் அதற்குள் ஓடும் புரோகிராம்களும் எங்கள் தயாரிப்பு.

பாப்பாவுக்குப் பத்து மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்பினேன். பகலில் அவளை அத்தை, அதாவது என் மாமியார், பார்த்துக்கொண்டார். வீட்டில் நானாகவே சொல்லிவிட்டு வந்தேன்: கையில் வரும் முதல் வேலையைச் செய்து பார்க்கிறேன், சரிப்படவில்லை என்றால் நின்றுவிடுகிறேன் என்று. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல இருக்கிறது, அதுதான் நியாயம் என்று அவர் நினைப்பதாக எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது பாப்பா பால் குடித்திருப்பாளா என்று ஒரு கவலை. பால் குடித்திருந்தால் ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டியிருப்பார்களா என்று அடுத்த கவலை. ஆபீஸில் எல்லாம் மறந்து போயிருக்குமோ என்பது இவை இரண்டுக்கும் அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த கவலை.

திரும்பிய முதல் வாரத்தில் ஒரு நாள் ஆபீஸ் கதவே என்னை உள்ளே விடவில்லை. நாங்களே செய்த பெட்டி. விரலை வைத்தேன், சிவப்பு எழுத்தில் "அனுமதி இல்லை" என்று வந்தது. துடைத்து வைத்தேன். மறுபடியும் அதேதான். நான் இல்லாத நாட்களில் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள், சங்கடப்பட்டுக்கொண்டு எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடத்துக்குள் ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டேன். படியில் ஹெல்மெட்டோடு ஏறி வந்தவள் நான் நிற்பதைப் பார்த்தாள்.

"என்னாச்சுங் அம்மிணி?"

எங்களுக்கு ஏறத்தாழ ஒரே வயது. ஆனாலும் அவள் எல்லோருக்கும் "ங்க" போடுவாள். என்னை மட்டும் அம்மிணி என்பாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த எனக்கு அந்தச் சொல் முதலில் கேலியாகப் பட்டது. பிறகு அதுவே பிடித்துப்போனது.

கதவு என்னை விடவில்லை, பெயரை எடுத்துவிட்டார்கள் போல என்றேன்.

"நீங்க இல்லைன்னு சொல்லுச்சா, இல்ல, நீங்களான்னு தெரியலைன்னு சொல்லுச்சா?"

நான் சிவப்பு எழுத்தைக் காட்டினேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து விரலை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பாப்பாவின் துணிகளைச் சோப்பில் போட்டு அலசி அலசி விரல்நுனித் தோல் உரிந்து கிடந்தது. எனக்கே அதுவரை உறைக்கவில்லை.

"ரேகை தேஞ்சு கெடக்குதுங்க. இதுக்கு உங்களைத் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுட்டு இல்லைங்குது."

தன் விரலை வைத்துக் கதவைத் திறந்து என்னை முன்னால் விட்டாள்.

அந்த வாரமே எனக்கான வேலையும் வந்தது. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பெரிய யூனிட். அவர்கள் வாசலில் இருந்த பழைய ஏற்பாட்டை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்துதர, ஆபீஸை நடத்தும் எங்கள் சார் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு கம்ப்யூட்டருக்குள் பல புரோகிராம்கள் ஓடும். கேட்டைத் திறப்பது ஒன்று, வருகையைப் பதிவது ஒன்று, கேன்டீனுக்கு ஒன்று. அதுவரை வந்தவர் யார் என்பதை ஒவ்வொன்றும் தானே சோதித்துக்கொண்டிருந்தது. ரேகைக்கும் ரகசிய எண்ணுக்கும் ஒவ்வொன்றும் ஒரு பிரதி வைத்திருந்தது. இனிமேல் ஆளை அடையாளம் பார்ப்பது ஒரே ஒரு சர்வீஸின், அதாவது பின்னால் இருந்து ஓடும் ஒரு புரோகிராமின், வேலை. மற்ற புரோகிராம்கள் எல்லாம் மெசேஜ் பஸ் என்ற பொது வழியில் அதனிடம் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். என்ன கேட்கலாம், என்னென்ன பதில் வரும், யாருக்கு வரும் என்று வரையறுத்து எழுதுவதற்குப் பெயர் இன்டர்ஃபேஸ். அதுதான் என்னிடம் தரப்பட்டது. ஒருமுறை முடிவுசெய்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் மாற்றுவது கஷ்டம். பத்திரிகை வைத்த பிறகு முகூர்த்தத்தை மாற்றுகிற மாதிரி.

என் கணவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். பஸ்ஸுக்கு ஏதோ எழுதுகிறேன் என்று புரிந்துகொண்டு, எந்த ரூட் என்று கேட்டார். ஆபீஸில் அதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணன் கேட்டது சரிதானுங்க. டவுன் பஸ்ஸே தான் இது" என்றாள்.

ஆபீஸில் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்க ஒரு கடப்பாக் கல் மேடை உண்டு. அவள் எதையும் அதன்மேல் டெய்லர் சாக்பீஸால்தான் வரைவாள். துணியில் கோடு போடுவார்களே, அந்தத் தட்டையான சாக்பீஸ். பையில் எப்போதும் இரண்டு மூன்று கலரில் வைத்திருப்பாள். அவளுடைய அப்பா சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருந்தார், வீட்டில் சாக்பீஸ் இறைந்து கிடக்கும் போல. கறுப்புக் கல்லில் ஒரு பஸ்ஸை வரைந்தாள். கூட்டம். பின்னால் நிற்பவர் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கைமாறிக் கண்டக்டரிடம் போய், டிக்கெட் அதேபோல் கைமாறித் திரும்பி வருகிறது.

"சில்லறையக் கை மாத்தி விடலாமுங்க. தாலிக்கொடியக் கை மாத்தி விடுவீங்களா?"

அதாவது, பஸ்ஸில் போகும் செய்தியை வழியில் வேறொருவர் பார்த்துவிட முடியும். ஆகவே ரேகையோ ரகசிய எண்ணோ அதில் ஒருபோதும் போகக் கூடாது. கேள்வியும் பதிலும் மட்டும் போகலாம். நான் வடிவமைத்ததில் ரகசிய எண் பஸ்ஸில்தான் போயிற்று. அதை அன்றைக்கே எடுத்துவிட்டேன். எழுதி முடித்ததில் முதல் தப்பு முதல் நாளிலேயே. மாலையில் பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதும் அதே நினைப்பாக இருந்தது.

இரண்டாவது தப்பு பதில்களில். நான் ஆம், இல்லை என்று இரண்டு வைத்திருந்தேன். எளிமையாக இருக்கட்டும் என்று. அவள் படித்துவிட்டு, "ரெண்டே பதிலுங்களா? அப்ப உங்களை வாசல்ல நிக்க வெச்ச பெட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசமுங்க?" என்றாள். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள். இவர் அவர் இல்லை என்பது ஒரு செய்தி. இவர் யார் என்று எனக்குப் புரியவில்லை என்பது வேறு செய்தி. முன்னதைக் கேட்டால் கேட்டைச் சாத்த வேண்டும். பின்னதைக் கேட்டால் வேறு விரல் கேட்க வேண்டும், அல்லது கார்டு கேட்க வேண்டும்.

அதை ஒப்புக்கொண்டேன். ஆனால் அவளோடு நான் ஒத்துப்போகாத இடமும் உண்டு. சர்வீஸே "இல்லீங்க", "தெரியலீங்க" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்றாள். "ஒரு மனுசனைப் பாத்து மொட்டையா இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்குது?" நான் முடியாது என்றேன். சர்வீஸ் மனிதரோடு பேசுவதில்லை, புரோகிராமோடு பேசுகிறது. அது மூன்றில் ஒரு குறியீட்டை மட்டும் அனுப்பட்டும். ங்க போடுவதும் போடாததும் திரையில் எழுதுகிற புரோகிராமின் பாடு. நாளைக்கு இதே பெட்டி இந்தி பேசுகிறவர்கள் நிறைந்த யூனிட்டுக்குப் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். இதைச் சொல்லிவிட்டு, பெரிதாகப் பேசிவிட்டோமோ என்று எனக்குப் படபடப்பாக இருந்தது. அவள் உதடு அசைந்தது. கேள்வியைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"நெசந்தானுங்க. நாந்தான் தப்பு" என்று சொல்லிவிட்டுக் கல்லில் இருந்த ங்கவை முந்தானையால் துடைத்தாள். அவ்வளவுதான். தோற்றதை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தாள். அத்தை எல்லா விருந்தாளிகளிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டார், பாப்பா யார் சாடை என்று. "என்ற மவனாட்டமே இல்லீங்களா?" எந்த விருந்தாளியும் ஆமாம் என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடிப்பார். அவள் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நெற்றி, கண், காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எனக்கு வியர்த்தது.

"இன்னும் தெரியலீங் அத்தை. மூக்கு ஒரு வழிக்கு வரட்டும்."

அவள் போன பிறகு அத்தை கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் பாப்பாவின் மூக்கை இரண்டு விரலால் பிடித்துவிட்டபடி, அந்தப் புள்ள சும்மாவுக்குன்னு ஒண்ணும் சொல்லாது போலிருக்குது என்று மட்டும் சொன்னார்.

எல்லா நேரமும் இது ரசிக்கும்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் கணக்குப் பிரிவில் இருந்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் விசாரிக்க ஆபீஸுக்கே வந்துவிட்டார். எல்லோர் எதிரிலும் கேட்கத் தொடங்கியவரை இவள்தான் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனாள். கேட்டவருக்குத்தான் பதில், சுற்றி நிற்கிறவர்களுக்கு இல்லை என்பது அவள் கட்சி. நான் தண்ணீர் கொண்டுபோனபோது அந்த அம்மா, பெண்ணுக்கு வேறு யாரோடாவது பழக்கம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அது எனக்குத் தெரியலீங்க. வேலையில எப்படின்னு கேளுங்க, சொல்றேன்" என்றாள். எனக்குப் பகீரென்றது. அந்தக் கேள்விக்குத் தெரியலை என்று சொன்னால் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? இல்லவே இல்லீங்க என்று நான் இடையில் புகுந்து சொன்னேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த வரன் அமையவில்லை. காரணம் ஜாதகமாம். அந்தப் பெண் அவளோடு கொஞ்ச நாள் பேசவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை எப்படி இல்லை என்பது என்று அவள் கேட்டாள். தெரியாத ஒன்றை இல்லை என்று சொல்லிச் சிநேகிதியைக் காப்பாற்றினால் என்ன என்று நான் கேட்டேன். அன்று யார் பக்கம் சரி என்பது எனக்கு இன்றும் முடிவாகவில்லை. ஆனால் அவள் எனக்காக ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அதை நம்பலாம் என்பது மட்டும் அன்று மனதில் பதிந்தது.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதிலும் இடையில் என்ன கெட்டுப்போகும் என்று முதலில் பார்ப்பேன். பாப்பா பிறந்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. அடுப்பில் பால் வைத்துவிட்டு அவள் அழுகிறாளே என்று ஓடினால் பால் பொங்குகிறது, பாலைப் பார்த்தால் அவள் கட்டிலின் ஓரத்துக்கு உருண்டு வந்துவிடுகிறாள். ஒரு நாள் மதியம் கல் மேடையருகே அவளிடம் கேட்டேன். கேட்டைத் திறக்கும் புரோகிராம் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் நின்றுபோனால் என்ன ஆகும்? விரல் பார்க்கும் கருவியை ஒருவர் பயன்படுத்தும்போது மற்றவர் தொடக் கூடாது என்று எழுதியிருந்தோம். கேட்டவரே போய்விட்டால் கருவி அவருக்காகவே காத்துக்கொண்டிருக்குமே. பின்னால் வரிசையே நிற்குமே.

அவள் சாக்பீஸை வைத்துவிட்டாள். இதை யாருமே யோசிக்கவில்லை என்றாள்.

நான் வழக்கம்போல, இது தேவையில்லாத பயமோ என்னவோ, விட்டுவிடலாம் என்றேன்.

"பயமில்லீங்க அம்மிணி, இது டிசைனு" என்றாள்.

பஸ்ஸில் யார் இருக்கிறார்கள், யார் இறங்கிவிட்டார்கள் என்பது சர்வீஸுக்குத் தெரியும். கேட்டவர் இறங்கிவிட்டால் அவருக்குப் பிடித்துவைத்ததை உடனே விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தேன். அதை முழுக்க நானே எழுதினேன். கவலைப்படுகிற புத்தியால் ஒரு வேலையும் நடக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

யூனிட்டின் மேனேஜருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. எங்கள் ஆபீஸில் வைத்து விளக்கிச் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தனக்கு வேண்டியது ரெண்டு பதில், பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு என்றார். இல்லை என்று வந்தால் வாசலில் உள்ள பெரிய போர்டில் பெயரோடு போட வேண்டும், மற்றவருக்காக விரல் வைக்க வருகிறவர்கள் பயப்படுவார்கள் என்றார். கடைசியாக, "தெரியலைன்னு ஒரு மெஷினு சொல்லலாமுங்களா? அப்பறம் அதை எதுக்கு வெக்கறது?" என்றார். சார் தலையாட்டத் தொடங்கினார். நான் என் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

அவள் கேள்வியை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"தெரியாததையும் தெரியுமுன்னு சொல்ற மெஷினு உங்க வாசல்ல ஏற்கெனவே இருக்குதுங்களே. அது சரியில்லைன்னுதான எங்களைக் கூப்புட்டீங்க?"

சாய்ந்திருந்த மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சரி, ஒரு நாள் காலை ஷிப்டுக்கு வைத்துப் பார்க்கலாம், சங்கு ஊதுவதற்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டால் உங்கள் விருப்பப்படி, இல்லாவிட்டால் பழையபடி ரெண்டு பதில் என்றார். அவர் போனதும் சார் என்னைக் கூப்பிட்டு, சரிவராவிட்டால் இதை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நான் கொஞ்ச நாள் சின்ன வேலைகளைப் பார்க்கலாம் என்று தன்மையாகச் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் அதிகம் வலித்தது. வீட்டில் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. சரிப்படவில்லை என்றால் நிற்பது என்பது இதுதான்.

அந்தக் காலையில் நாங்கள் போனபோது கம்பெனி வேன்கள் கிராமங்களிலிருந்து வந்து பெண்களை இறக்கிக்கொண்டிருந்தன. டிபன் பையும் கனகாம்பரமுமாக வரிசை கேட்டிலிருந்து ரோடு வரை நீண்டது. பலரும் வரிசையில் நிற்கும்போதே விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் விரல் பதியும் என்று யாரோ சொன்னதாம். பழைய பெட்டியோடு பழகிய பழக்கம்.

தையல் பிரிவுப் பெண்கள் தங்கள் வருகை எண்ணைத் தட்டி, விரல் வைத்து, தடங்கலில்லாமல் போனார்கள். பச்சை, பச்சை, பச்சை. பிறகு பிளீச்சிங் பிரிவு வந்தது. நான் பயந்ததும் இதைத்தான். நாளெல்லாம் மருந்துத் தண்ணீரில் புழங்கும் கைகள். முன்னால் நின்ற நடுத்தர வயதுப் பெண் விரலை வைத்தார். உடனே, யாரும் சொல்லாமலே, ஒதுங்கி நின்றுகொண்டார். தினமும் சிவப்பு விளக்கு எரிந்து, மேனேஜர் வந்து திட்டிவிட்டு உள்ளே விடும்வரை ஒதுங்கி நிற்பது அவருக்கு வழக்கம் போல. நான் அவரைக் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொன்னேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தெரியலீங்க. வேற விரல் வைங்க." திரும்பிப் பின்னால் நின்றவரிடம், "ஏய், இது நம்மகிட்ட மருவாதியாப் பேசுதுடி" என்றார். வரிசையே சிரித்தது. மோதிர விரலை வைத்தார். பச்சை.

அதன்பின் அந்தப் பிரிவே விளையாட்டாக மாறிவிட்டது. எனக்கு எந்த விரல் தெரிகிறது, உனக்கு எந்த விரல் என்று கேட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். ஒருவருக்குப் பத்து விரலும் தெரியவில்லை. கார்டைக் காட்டி ரகசிய எண்ணை அழுத்தி அவரும் உள்ளே போனார். ஒரிசாவிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி திரையில் தன் மொழி இல்லாததைப் பார்த்துவிட்டு முழித்தாள். பின்னால் இருந்தவர் அவள் சுண்டு விரலைப் பிடித்து வைத்துவிட்டார். இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

அப்போது திரை அப்படியே நின்றுவிட்டது. கேட்டைத் திறக்கும் புரோகிராம் உறைந்துபோயிருந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். வாட்ச்மேன் என்னைக் கேட்காமலே திரையின் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். திரை அணைந்ததும் அந்தப் புரோகிராமும் பஸ்ஸிலிருந்து இறங்கியது, எரிந்ததும் மறுபடி ஏறியது. நடுவில் விரல் வைத்துக்கொண்டிருந்த பெண் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பச்சை. என் லேப்டாப்பில் ஒரு வரி ஓடியது: கேட்டவர் போய்விட்டார், கருவி விடுவிக்கப்பட்டது. அவள் அதைக் குனிந்து படித்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். ங்க இல்லாமல் அவள் செய்த ஒரே காரியம் அதுதான்.

வரிசையில் கடைசிச் சிலர் இருக்கும்போது யூனிட்டின் முதலாளி காரை விட்டு இறங்கினார். தானும் பார்க்க வேண்டும் என்றார். விளையாட்டாக, பெரியவராகிய தன் அப்பாவின் வருகை எண்ணைத் தட்டிவிட்டுத் தன் விரலை வைத்தார். எல்லோரும் பெரிய போர்டைப் பார்த்தோம். போர்டில் எதுவும் வரவில்லை. அவர் முகத்துக்கு நேராக இருந்த சின்னத் திரையில் மட்டும் "இல்லீங்க" என்று இருந்தது. விரலைத் துடைத்து வைத்தார். இல்லீங்க. கட்டைவிரலை வைத்தார். இல்லீங்க. சுற்றும் முற்றும் பார்த்தார். பின்னால் நின்ற பெண்களுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. முதலாளி ஏன் தனக்குத்தானே சிரிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இல்லை என்று வந்தால் போர்டில் பெயர் போடும் யோசனையைச் சார் சொன்னதும் அவர் மேனேஜரிடம், "அப்ப போர்டுல என் பேரைப் போடச் சொன்னது நீயா?" என்று கேட்டார். மேனேஜர் போர்டே வேண்டியதில்லை என்றார்.

சங்கு ஊதியது. வரிசையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

"யாருங்க பண்ணுனது இது?" என்றார் முதலாளி. எங்கள் டீம் என்றார் சார். டீம் என்றால் யார் என்று முதலாளி விடவில்லை. சார் அவளைப் பார்த்தார். மேனேஜரிடம் வாதாடியது அவள்தானே. அவள் உதடு அசைந்தது. கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"மூணு பதிலு வேணுமுன்னது நானுங்க. மத்ததெல்லாம் இவுங்க. அந்த வயரைப் புடுங்குனப்ப நிக்காம ஓடுச்சே, அது முழுக்க இவுங்களுதுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். நீங்களாம்மா என்றார். எல்லோரும் சேர்ந்துதான், இன்னும் சோதிக்க வேண்டியிருக்கிறது, ஒடியா எழுதவில்லை, ஒரு நாள் பார்த்துவிட்டு எதையும் சொல்ல முடியாது என்று எத்தனையோ நாக்கில் வரிசைகட்டி நின்றன.

"ஆமாங்க. நான்தான்" என்றேன்.

கேட்டுக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். சார் காரில் ஏறிக்கொண்டிருந்தார். மங்கலத்தில் அடுத்த யூனிட்டுக்கு நானே போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவள் பக்கத்தில் நின்று ஸ்கூட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை எடுத்தார். பாப்பா பால் குடித்தாளா என்றுகூடக் கேட்கவில்லை நான்.

"அத்தே, சரிப்பட்டிடுச்சு. நான் வேலையிலிருந்து நிக்கலை."

அந்தப் பக்கம் பாப்பா எதையோ தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"நிக்கறேன்னது நீயி. உன்னைய யாரு கண்ணு நிக்கச் சொன்னாங்க?" என்றார் அத்தை.